அறுபத்து நான்கில் நாலு பங்கு ஆகாயக் கப்பல்

பிப்ரவரி பிறந்தால் எல்ஸ்பெத்தோடு வேலை செய்கிற பெண்கள் அவளிடமிருந்து கொஞ்சம் தள்ளியே நிற்பார்கள். ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த மீன் வெட்டும் கூடத்தில் கல்யாணமான நாளிலிருந்து ஹாடக் மீனை முள் நீக்கிக்கொண்டிருந்தவள் அவள். மற்ற மாதங்களில் அந்தக் கூடத்தைச் சிரிக்க வைப்பதே அவள்தான். பிப்ரவரியில் மட்டும் கத்தி வேகமாகப் போகும், வாய் அதைவிட வேகமாகப் போகும்.

"படம் வந்துருச்சா, எல்ஸ்பெத்?" என்று யாராவது கேட்டுத் தொலைத்தால் போதும்.

"வந்துருச்சு. போன வருஷத்தைவிட இன்னும் கொஞ்சம் கருப்பா வந்திருக்கு. இப்படியே போனா அடுத்த வருஷம் நிலக்கரின்னு நெனச்சு அடுப்புல போட்டுருவேன்."

ஸ்கெரிடன் கிராமத்தில் இந்தப் படத்தின் கதை தெரியாதவர்கள் கிடையாது. வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

முதல் உலகப் போரின் கடைசிக் கோடையில் எல்ஸ்பெத்தின் தாத்தா ஜோனத்தன் கார்டினரின் நீராவிப் படகு 'பெனியேல்' நடுக்கடலில் இயந்திரம் செத்து நின்றுவிட்டது. சுற்றிலும் பனிமூட்டம். கடல் முழுக்கக் கண்ணிவெடிகள். மூன்று நாள் அலை இழுத்த பக்கம் போனார்கள். மூன்றாம் நாள் மூட்டம் கலைந்தபோது, லெனாபோ காட்டுக்குள் இருந்த கடற்படைத் தளத்திலிருந்து, வாயு அடைத்த நீளமான பலூன் மாதிரி ஓர் ஆகாயக் கப்பல் வந்து அவர்கள் தலைக்கு மேல் நின்றது. இழுத்துப்போகக் கப்பல் வந்து சேரும்வரை அது நகரவில்லை. கரையேறிய ஜோனத்தன் சபையில் எழுந்து நின்று சொன்னது இவ்வளவுதான்: "அது மேலே வந்து நின்றது. கர்த்தர் காப்பாற்றினார்." அதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து யாரும் பிடுங்க முடியவில்லை.

அந்த ஆகாயக் கப்பலில் பெர்சி ஹாலம் என்று ஓர் இளம் மெக்கானிக் இருந்தான். அவனுக்கு வரைகிற பழக்கம் உண்டு. பெட்டிப் பலகைகளைச் சேர்த்து ஆணியடித்து, மேலே ஆகாயக் கப்பலின் கிழிசல் துணியை ஒட்டி, அன்று பார்த்ததைப் பெரிதாக வரைந்தான். கப்பலின் உடம்புக்குப் பூசுகிற அதே வெள்ளிச் சாயத்தைப் படத்துக்கும் பூசினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை முதுகில் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஸ்கெரிடனுக்கு வந்தான். வழியில் காற்று அவனைப் பள்ளத்தில் தள்ளிவிட்டதாம். சேறும் சகதியுமாக வந்து நின்று, "உங்களுக்குத்தான்" என்று நீட்டினான்.

ஜோனத்தனுக்குத் தர்மசங்கடம். அவர் பிரதரன் என்கிற கண்டிப்பான கிறிஸ்தவச் சபையில் மூப்பர். சுவரில் படம் மாட்டுவது விக்கிரகத்துக்குப் பக்கத்து வீடு என்று பிரசங்கம் செய்கிறவர். ஆனால் உயிரைக் காப்பாற்றியவர்களில் ஒருவன் சேறோடு வந்து வாசலில் நிற்கிறான். வாங்கவும் முடியாது, வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. அன்று முழுக்க யோசித்து, மறுநாள் படகுச் சாமான்களின் பட்டியலை எடுத்தார். உபரி நங்கூரத்துக்கும் வலை மிதவைகளுக்கும் நடுவில் எழுதினார்: 'பலகை, வர்ணம் பூசியது, ஒன்று.' அன்றிலிருந்து அது படம் இல்லை, படகுச் சாமான். கரையில் வைத்துப் பாதுகாக்கிற சாமான்கள் எத்தனையோ இருக்கின்றன. இதுவும் ஒன்று. மனுஷன் நிம்மதியாகத் தூங்கினார்.

அங்கே பிடித்தது சனி.

அந்த நாட்டுச் சட்டப்படி எந்தப் படகுக்கும் போல பெனியேலுக்கும் அறுபத்து நான்கு பங்கு. படகு அறுபத்து நான்கு பங்கு என்றால் அதன் நங்கூரமும் அறுபத்து நான்கு பங்கு, படமும் அறுபத்து நான்கு பங்கு. யாருக்கு எத்தனை பங்கோ, வருஷத்தில் அதற்கேற்ற நாட்கள் படம் அவர் வீட்டில். ஒரு காலத்தில் யார்மத் ஊரில் இருந்த ஒன்றுவிட்ட சித்தப்பாவுக்கு ஒரே ஒரு பங்கு இருந்தது. அதற்காக ஹெர்ரிங் மீன் பீப்பாய்களோடு ரயிலில் தெற்கே போய், ஒரு வாரம்கூட முழுசாகச் சுவரில் இருக்காமல், மறுபடி பீப்பாய்களோடு ரயிலேறி வந்தது. வலது கீழ் மூலையில் உப்புத் தண்ணீர் பட்ட கறை அப்படி வந்ததுதான். பழைய பெனியேல் போய் இரண்டாவது பெனியேல் வந்தது, அதுவும் போய் மூன்றாவது வந்தது. ஒவ்வொரு தடவையும் பட்டியலை வரி மாறாமல் எழுதினார்கள்.

இன்னொரு கூத்தும் உண்டு. மார்ச் மாதம் படகைக் கரையேற்றி வர்ணம் அடிக்கும்போது மரச் சாமான்களுக்கு வார்னிஷ் அடிப்பார்கள். படமும் சாமான்தானே. அதே டப்பா, அதே பிரஷ், வருஷா வருஷம் ஒரு பூச்சு.

எல்ஸ்பெத் சிறுமியாக இருந்தபோது வார்னிஷுக்கு முன்னால் படத்தைத் துடைக்கிற வேலை அவளுடையது. அப்போதே அது தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் ஈரத் துணி பட்ட இடத்தில் ஒரு கணம் உள்ளே வெள்ளி மினுங்கும். நீளமான ஆகாயக் கப்பல், அதன் வயிற்றில் தொங்குகிற கூடை, கூடையிலிருந்து குனிந்து கையசைக்கிற ஒருவன். ரேடியோ இல்லாத, பூ வைத்த திரைச்சீலைகூட இல்லாத அந்த வீட்டில் கண்ணுக்கு விருந்து என்று இருந்தது அது ஒன்றுதான். அவள் துடைத்துக்கொண்டே இருப்பாள். "போதும், தேச்சே தேஞ்சுரப் போகுது" என்று அப்பா சத்தம் போடும்வரை துடைப்பாள்.

அப்பா போனபோது பங்குகள் பிரிந்தன. மூத்தவன் கில்பர்ட் படகோட்டி, அவனுக்கு நாற்பது. இளையவன் ஆலெக் இயந்திரம் பார்க்கிறவன், அவனுக்கு இருபது. பெண்பிள்ளைக்கும் ஏதாவது இருக்கட்டும் என்று எல்ஸ்பெத்துக்கு நாலு. வருஷத்தில் மூன்று வாரம் படம் அவளுக்கு. கோடையிலா கொடுத்தார்கள்? சாயங்காலம் நாலரைக்கே விளக்கேற்ற வேண்டிய பிப்ரவரியில். அவள் கணவன் பஸ் ஓட்டியவன். படகில் பங்கில்லாத மனிதன் என்பதால் அவன் பேச்சு கார்டினர் குடும்பத்தில் கடைசிவரை எடுபடவே இல்லை. சில வருஷங்களுக்கு முன் அவனும் போய்ச் சேர்ந்தான்.

இப்போது படம் முழுக் கருப்பு. பளபளக்கிற கருப்பு. முகம் பார்த்துத் தலைசீவலாம், ஆகாயக் கப்பலைப் பார்க்க முடியாது. எல்ஸ்பெத்தின் வலது கண்ணில் ஏற்கெனவே புரை விழ ஆரம்பித்திருந்தது. கண்கள் கெட்டுப்போவதற்குள் அந்த வெள்ளியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

ஒரு பிப்ரவரியில் அபர்டீனிலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்தாள். பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்து பிழைக்கிறவள். அவள் பஞ்சில் ஏதோ மருந்து தொட்டு ஓர் ஓரத்தில் நகத்தளவு தேய்த்தாள். பஞ்சு பழுப்பானது. பலகையில் நீல வானம் எட்டிப் பார்த்தது.

"உள்ள எல்லாம் பத்திரமா இருக்கு. எங்கிட்ட நாலு மாசம் குடுங்க, எடுத்துரலாம்" என்றாள் அவள்.

நாலு மாசத்துக்கு எல்ஸ்பெத் எங்கே போவாள்? கில்பர்ட்டிடம் போனாள். கில்பர்ட் பீங்கான் தட்டில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான்.

"நாலு மாசம் உன் நாளுலேருந்து எனக்குக் கடன் குடு, கில்பர்ட். அடுத்த வருஷங்கள்ல கழிச்சுக்கோ."

"எதுக்கு?"

"அந்த வார்னிஷை எடுக்க."

"எதுக்கு எடுக்கணும்? அதைக் காப்பாத்துனதே அந்த வார்னிஷ்தான்."

"எதைக் காப்பாத்துச்சு? உள்ள என்ன இருக்குன்னே தெரியல."

"தெரியணும்னு என்ன இருக்கு? நங்கூரத்துல நீ என்னத்தைப் பாக்குறே?"

"நங்கூரத்துல யாராவது படம் வரைவாங்களா?"

கில்பர்ட் ரொட்டியைக் கீழே வைத்தான். "அது படம் இல்லை" என்றான். பேச்சு முடிந்தது. வருஷா வருஷம் இதே பேச்சு இதே இடத்தில் வந்து முட்டி நின்றது. கல்லில் நார் உரித்துவிடலாம், கில்பர்ட்டிடம் ஒரு சரி வாங்க முடியாது. கெட்டவன் இல்லை. பொய் சொல்ல மாட்டான், ஒருத்தர் காசைத் தொட மாட்டான், வலையில் தவறி வந்த சின்ன மீனைக்கூட மறைக்காமல் எழுதி வைப்பான். இப்படிப்பட்ட ஆளோடு சண்டை போடுவதைப் போல வயிற்றெரிச்சல் உலகத்தில் வேறில்லை. கோபப்படவும் முடியாது, படாமலும் இருக்க முடியாது.

அப்புறம்தான் அரசாங்கம் மீன்பிடிப் படகுகளைக் குறைக்கக் கிளம்பியது. படகை உடைக்கச் சம்மதித்தால் பணம், திரும்பக் கடலுக்குப் போக முடியாது. கில்பர்ட்டுக்கு முழங்கால் இரண்டும் போயிருந்தது. ஆலெக்குக்கு இதயத்தில் கோளாறு. மாத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இயந்திர அறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தான். அண்ணனும் தம்பியும் ஒப்புக்கொண்டார்கள். பெனியேலை மார்ச் முடிவதற்குள் உடைக்க வேண்டும் என்று ஏற்பாடு.

எல்ஸ்பெத் துக்கப்பட்டாளா என்றால், இல்லை. படகு போனால் பங்கு போகும், பங்கு போனால் அந்தப் பைத்தியக்காரக் கணக்கும் போகும். படம் கடைசியில் வெறும் படமாகிவிடும், யார் வீட்டில் வேண்டுமானாலும் இருக்கலாம். அப்படித்தான் அவள் மனக்கோட்டை கட்டினாள்.

படகை அளந்து பார்க்க ஓர் அதிகாரி வந்தான். தாடி வைத்த, சிரித்த முகமான ஆள். உடன்பிறந்த மூன்று பேரும் கில்பர்ட் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்கள். கில்பர்ட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விதிகளை ஒரு வரி விடாமல் சத்தமாகப் படித்தான். 'படகும், பட்டியலில் கண்ட அதன் சாமான்களும்' என்ற இடத்தில் நிறுத்தினான். பட்டியலைத் திருப்பினான். விரலை வைத்தான்.

"இதுவும் போகணும்" என்றான்.

அதிகாரி எட்டிப் பார்த்தான். "பலகை, வர்ணம் பூசியது. இது என்ன சார்?"

"ஒரு ஆகாயக் கப்பல் படம்" என்று முந்திக்கொண்டாள் எல்ஸ்பெத். "இப்ப எங்க வீட்டுச் சுவத்துல இருக்கு."

அதிகாரி சிரித்துவிட்டான். "அட, அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க. அடிச்சுருங்க சார் அந்த வரியை."

"எப்படி அடிக்கிறது? படகுச் சாமான்."

"படம்தானே சார்?"

"படம்னு நீங்க சொல்றீங்க. எழுபது வருஷத்துக்கு மேல சாமான்னு எழுதியிருக்கு. எங்க தாத்தா முதல்ல எழுதுன வரி. நான் அதை அடிச்சா, ஒண்ணு நான் இப்ப பொய் சொல்றேன், இல்ல அவரு அப்ப பொய் சொன்னாரு."

"அவரு சொன்னது பொய்தான்" என்றாள் எல்ஸ்பெத். "வீட்டுல படம் வேணும், படம் வெச்சிருக்கேன்னு சொல்லவும் கூடாது. அதுக்குக் கண்டுபிடிச்ச தந்திரம்."

ஆலெக் நாற்காலியில் நெளிந்தான். அதிகாரி பேனாவை மூடினான், திறந்தான். கில்பர்ட்டின் முகம் சிவக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

"செத்தவரைப் பத்தி அப்படிப் பேசாதே, எல்ஸ்பெத். அவரு வாயிலேருந்து உண்மைக்கு மாறா ஒரு வார்த்தை வந்ததில்லை. அது ஊருக்கே தெரியும்."

"நான் கையெழுத்துப் போட மாட்டேன். என் நாலு பங்கு இல்லாம உங்களால ஒரு ஆணியைக்கூடப் புடுங்க முடியாது."

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். கதவை அடித்துச் சாத்தத்தான் நினைத்தாள், காற்று பிடித்துக்கொண்டது, அதுகூட ஒழுங்காக நடக்கவில்லை.

இரண்டு வாரம் அவள் பிடித்த பிடியை விடவில்லை. மீன் கூடத்தில் பெண்கள் கட்சி கட்டினார்கள். "ஒரு கருப்புப் பலகைக்காகவா?" என்றது ஒரு கட்சி. "விடாதடி" என்றது இன்னொரு கட்சி. யார் பேச்சும் அவளுக்கு ஆறுதலாக இல்லை. வீட்டுக்கு வந்தால் அந்தக் கருப்புப் பலகை சுவரில் இருந்து அவள் முகத்தையே அவளுக்குக் காட்டியது.

பிறகு ஆலெக் வந்தான். மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது. உட்கார்ந்து, தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டான்.

"எனக்கு அந்தப் படம் ஒண்ணும் வேண்டாம், எல்ஸ்பெத். வேணும்னா நீயே வெச்சுக்கோன்னு சொல்லியிருப்பேன். அவன் கேக்க மாட்டேங்குறான்."

"தெரியும்."

"மார்ச் தாண்டுனா திட்டம் மூடிருவாங்க. அப்புறம் நான் திரும்ப இறங்கணும், அந்த இயந்திர அறைக்குள்ள. போன தடவை கடல்ல எனக்கு நெஞ்சு அடைச்சுச்சு. கில்பர்ட்கிட்டகூடச் சொல்லல."

எல்ஸ்பெத் அவனைப் பார்த்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. தம்பி வந்து இப்படி உட்கார்ந்தால் என்ன செய்வது? இரண்டு அண்ணன்தம்பிகளும் சேர்ந்து அவளை மூலையில் தள்ளிவிட்டார்கள், ஒருத்தன் நேர்மையால், ஒருத்தன் நோயால். இரண்டையும் திட்ட வழியில்லை. அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"சரி, போய்ச் சொல்லு உன் அண்ணன்கிட்ட. என் பங்கை வெட்டிக் குடுத்துட்டு மிச்சத்தைக் கொண்டுபோய் நொறுக்கச் சொல்லு. நியாயஸ்தன் இல்லையா, அளந்து வெட்டட்டும்."

வாய்க்கு வந்ததைச் சொன்னாள். வயிற்றெரிச்சலில் யாரும் சொல்கிற வார்த்தை. கேட்கிறவர்கள் காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டுவிடுகிற வார்த்தை. ஆனால் அது போய்ச் சேர்ந்தது கில்பர்ட் கார்டினர் காதில். அந்தக் காதில் விழுந்த எந்த வார்த்தையும் சும்மா போனதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கில்பர்ட் வந்தான். கக்கத்தில் ரம்பம், கையில் அளவு நாடா, காதில் பென்சில். பின்னால் ஆலெக், பார்வையைத் தரையிலிருந்து எடுக்காமல்.

"நீ சொன்னதை யோசிச்சேன்" என்றான் கில்பர்ட். அவன் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது, பல நாள் கழித்து நன்றாகத் தூங்கி எழுந்தவன் மாதிரி. "நீ சொன்னதுதான் சரி. படகைப் பிரிக்க முடியாது, பலகையைப் பிரிக்கலாம். எங்க பங்கு படகோட போகும். உன் பங்கு உன்னுது, அதைக் குடுன்னு கேக்க எனக்கு உரிமை இல்லை. அந்த அதிகாரிக்குப் போன் போட்டுக் கேட்டுட்டேன். 'உங்க இஷ்டம் சார்'னுட்டாரு."

"கில்பர்ட், நான் கோபத்துல சொன்னேன்."

"சொன்னே இல்ல?"

"நீயெல்லாம் மனுஷனா? அதைப் போய் யாராவது..."

"வேற வழி இருந்தா சொல்லு."

எல்ஸ்பெத் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். படத்தைப் பிடுங்கி உள்ளே வைத்துப் பூட்டியிருக்கலாம். ஆலெக் வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்தான், மூச்சு இன்னும் சீராகவில்லை. அவள் பூட்டவில்லை.

படத்தை இறக்கி மேஜைமேல் போட்டார்கள். கில்பர்ட் நீளம் அகலம் அளந்தான், ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டான், அறுபத்து நான்கில் நாலு என்றால் பதினாறில் ஒன்று. "எந்த மூலை வேணுமோ எடுத்துக்கோ" என்றான், கேக் வெட்டுகிறவன் கேட்கிற மாதிரி.

எந்த மூலை? மேஜையில் கிடந்தது ஒரே கருப்பு. படகு எங்கே, கடல் எங்கே, வானம் எங்கே என்று கண்ணால் சொல்ல வழியில்லை. எல்ஸ்பெத் கண்ணை மூடிக்கொண்டு, துணி பிடித்துத் துடைப்பதைப் போலக் கையைப் பலகைமேல் ஓடவிட்டாள். கை நினைவு வைத்திருந்தது. இடது மேல் மூலையில் கப்பலின் மூக்கு. ஒரு சாண் தள்ளி வால். நடுவில் கொஞ்சம் கீழே கூடை. அதற்கு நேர் கீழே, ஒன்றரைச் சாணில், பெனியேல்.

"இதுலேருந்து இதுவரைக்கும்" என்றாள்.

கில்பர்ட் பென்சிலால் கோடு போட்டான். கணக்கைப் பார்த்து, அவளுக்குச் சாதகமாக ஒரு நூலிழை தள்ளியே போட்டான். அதையும் சொல்லியாக வேண்டும். பிறகு ரம்பத்தை வைத்தான். வீட்டுக்குத் தச்சு வேலை அத்தனையும் அவனே செய்கிறவன், வெட்டு கோட்டை விட்டு விலகவில்லை. வார்னிஷ் தூள் மேஜையெல்லாம் பழுப்பாகக் கொட்டியது. எல்ஸ்பெத் பாத்திரம் கழுவுகிற தொட்டியைப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வழியே பக்கத்து வீட்டுத் துணிக்கொடியைப் பார்த்தபடி நின்றாள். காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போல இருந்தது, அண்ணன் முன்னால் அதைச் செய்ய ரோஷம் விடவில்லை.

அவள் கையெழுத்துப் போட்டாள். மார்ச் முடிவதற்குள் பெனியேலைக் கரையில் இழுத்துப் போட்டு இயந்திரக் கையால் நொறுக்கினார்கள். மிச்சப் பலகையைக் கில்பர்ட் தானே தூக்கிப் போய்ப் படகோட்டி அறையில் வைத்தானாம், உடைப்பது முடியும்வரை நின்று பார்த்தானாம். ஆலெக் சொன்னான். எல்ஸ்பெத் போகவில்லை.

அவள் பங்கு அபர்டீனுக்குப் போனது. சின்னத் துண்டு என்பதால் நாலு மாசம் ஆகவில்லை, ஜூனில் முடிந்துவிட்டது. வாங்கப் போனபோது அந்தப் பெண் அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து வைத்திருந்தாள்.

வெள்ளி. அப்படி ஒரு வெள்ளி. எல்ஸ்பெத் சின்ன வயதில் பார்த்தது அதில் பாதிகூட இல்லை. கப்பலின் வயிற்றில் தையல் தையலாகக் கோடுகள். அடியில் கூடை, கூடையிலிருந்து குனிந்த ஆள், தோல் தொப்பி, காற்றில் பறக்கிற கழுத்துத் துண்டு. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆயிரம் எரிச்சலுக்கும் இது போதும் என்றுகூட அந்த ஒரு நிமிஷம் தோன்றியது.

"கையசைக்கிறான் பாருங்க" என்றாள்.

"கையசைக்கல" என்றாள் அந்தப் பெண். "கிட்ட வந்து பாருங்க. கயிறு இறக்குறாரு."

கூடை ஆளின் இரண்டு கைகளிலும் ஒரு மெல்லிய பழுப்புக் கோடு. அது கைகளிலிருந்து இறங்கி, கடற்காற்றில் கொஞ்சம் சாய்ந்து, பலகையின் கீழ் விளிம்புக்கு வந்து, ரம்பம் போன இடத்தில் நின்றது.

"கீழ என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

எல்ஸ்பெத்துக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போதும் தெரியவில்லை. தண்ணீரா? மருந்தா? ரொட்டியா? மேலே வந்து நின்றது, கர்த்தர் காப்பாற்றினார். அவ்வளவுதானே தாத்தா சொன்னார். கயிறு என்று ஒரு பேச்சு எப்போதாவது வந்ததா? கடற்படைத் தளத்துக்காரர்களும் பெர்சி ஹாலமும் எப்போதோ போய்விட்டார்கள். பெனியேலில் அன்று இருந்தவர்களில் ஒருத்தரும் இல்லை. பதில் இருந்த ஒரே இடத்தை அவள் அண்ணன் நேர்மையாக நொறுக்கிவிட்டான். அவளும்தான் கையெழுத்துப் போட்டாள். படகையும் சேர்த்துக் கேட்டிருக்கலாமே, இன்னும் ஒன்றரைச் சாண்தானே என்று பஸ் ஒவ்வொரு நிறுத்தத்தில் நிற்கும்போதும் அவளுக்குத் தோன்றியது.

படத்தைச் சமையலறைச் சுவரில் மாட்டினாள். மூன்று வாரக் கணக்கு இனி இல்லை. அது அவளுக்கு இனிக்கவில்லை.

பத்து நாள் கழித்து கில்பர்ட் வந்தான், தோட்டத்தில் பறித்த ஒரு கட்டு புளிப்பு ருபார்ப் தண்டுகளோடு. காரணமில்லாமல் யார் வீட்டுக்கும் போகாதவன், ருபார்ப்தான் காரணம் என்று காட்டிக்கொள்கிற மாதிரி அதை மேஜைமேல் வைத்தான். பிறகு சுவரைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். உட்காரவில்லை.

"இவ்வளவு வெள்ளையாவா இருந்துச்சு?" என்றான் கடைசியில்.

"நீயும்தான் சின்ன வயசுல பாத்திருக்கே."

"நான் இதைப் பாத்ததில்ல. நான் எப்பவும் கீழ படகைத்தான் பாப்பேன்." கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போனான். "அவன் கையில என்ன அது?"

"கயிறு."

"கயிறா?"

"நல்லாப் பாரு."

அவன் நன்றாகப் பார்த்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மாசமாக அவனுக்காக அவள் வார்த்தைகளைத் தீட்டி வைத்திருந்தாள், மீன் வெட்டும்போது, படி துடைக்கும்போது, படுக்கையில் புரளும்போது.

"தாத்தா கயிறுன்னு ஒண்ணும் சொன்னதில்லையே" என்றான் கில்பர்ட் மெதுவாக. "மேல வந்து நின்னுச்சுன்னுதான் சொன்னாரு. என்கிட்டயே எத்தனையோ தடவை சொல்லியிருக்காரு. மடியில உக்கார வெச்சு."

"அவரு சொன்னது அவ்வளவுதான். வரைஞ்சவன் மேலேருந்து பாத்தவன்."

"அப்ப ஏதோ குடுத்திருக்காங்க."

"ஏதோ குடுத்திருக்காங்க."

"நுனியில என்ன கட்டியிருந்துச்சு, எல்ஸ்பெத்?"

"என்னையா கேக்குறே?"

அவன் கயிறு முடிகிற விளிம்பில் கட்டைவிரலை வைத்தான். கையை விரித்து, சுவரோடு கீழே இறக்கி, சுண்டுவிரலை ஊன்றினான். இன்னும் அரைச் சாண் கீழே போனான். "படகு இங்க வரும்" என்றான். "இதுக்கும் அதுக்கும் நடுவுலதான் இருந்திருக்கும்." அவன் விரல்களுக்கு நடுவில் இருந்தது சுவர்க் காகிதத்தின் பழுப்பு ரோஜாக்கள். அந்தக் கையை அவன் எடுக்கவே இல்லை.

"பொய் சொல்லக் கூடாதுன்னுதான் நான் அப்படிப் பண்ணேன்" என்றான்.

"தெரியும். அதனாலதான் எனக்கு எரியுது."

தீட்டி வைத்திருந்ததில் வேறொன்றும் வாயில் வரவில்லை. கில்பர்ட் திரும்பி அடுப்பைப் பார்த்தான், கெட்டிலைப் பார்த்தான். இந்த வீட்டுக்கு அவன் வந்து டீ குடிக்காமல் போனதே கிடையாது. எல்ஸ்பெத் ருபார்ப்பை எடுத்துத் தண்டு தண்டாகக் கழுவ ஆரம்பித்தாள். அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டான், முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.